ஏரிக்கு மேல சுத்துறது கழுகா, பருந்தா, பாறா?

ஞாயித்துக்கிழமையானா பெங்களூர்ல இருந்தும் ஓசூர்ல இருந்தும் கேமரா தூக்கிட்டு வர்ற தம்பிகள் அதிகமாயிட்டாங்க. ஏரிக்கரையில நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, வழியில போற நம்மகிட்ட கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, மேல பெருசா சுத்துதே, அது கழுகுங்களா?"

பத்துக்கு ஒன்பது தடவை அது கழுகு இல்லை. கரும்பருந்து. வால் நுனியில லேசா வெட்டு விழுந்த மாதிரி கவை இருக்கும், பறக்கும்போது அந்த வாலை இடதும் வலதும் திருப்பிக்கிட்டே இருக்கும். கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி ஏரிக்கரையில கொண்டு வந்து கொட்டுற பழக்கம் வந்த பிறகு இதுங்க கூட்டம் பெருத்துப் போச்சு. தலையும் நெஞ்சும் வெள்ளையா, மத்த உடம்பெல்லாம் செங்கல் நிறமா இருந்தா அது செம்பருந்து. நம்ம பாட்டிமார் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கும்பிடுற கருடன் இதுதான். இதோட வால் வட்டமா முடியும், கவை இருக்காது. இந்த ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சா ஏரியில முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

மிச்சம் இருக்கிற கால்வாசியிலதான் சரித்திரம் இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவில எழுதப் போறேன்.

முதல்ல பேரைப் பத்திக் கொஞ்சம். உத்தனப்பள்ளி பக்கம் ஒரே தெருவுல மூணு பாஷை ஓடும்னு உங்களுக்குத் தெரியும். ஒரே பறவையைத் தெலுங்குக்காரர் கெத்த என்பார், கன்னடக்காரர் ஹத்து என்பார், தமிழ்க்காரர் பருந்து என்பார். செத்ததைத் தின்கிற பெரிய பறவைக்குத் தெலுங்கில ராபந்து, கன்னடத்தில ரணஹத்து என்று தனிப்பேர் இன்னைக்கும் பேச்சில இருக்கு. தமிழ்லதான் சிக்கல். வேட்டையாடித் தின்கிறதையும் கழுகுங்கிறோம், பிணம் தின்கிறதையும் கழுகுங்கிறோம். பாறு என்று ஒரு தனிச்சொல் சங்க காலத்திலேயே நம்மகிட்ட இருந்தது. போர்க்களத்துப் பாட்டுகளில் அது வரும். நடுவில பேச்சு வழக்கிலிருந்து நழுவிப் போச்சு. இப்போ பறவை ஆர்வலர்கள் அதைத் தூசி தட்டி எடுத்து, பாறு, பாறுக் கழுகு என்று மறுபடியும் எழுதுறாங்க. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பின் சு. பாரதிதாசன் 'பாறு கழுகுகளைத் தேடி' என்று புத்தகமே போட்டிருக்கார். அதுக்கும் முன்னாடி, க. ரத்னம் ஊர் ஊரா வழங்குற பறவைப் பேர்களைத் திரட்டி 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்று ஒரு நூல் செய்தார். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய உபகாரம்.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம். விராலடிப்பானை எடுத்துக்கோங்க. குளிர்காலத்தில நம்ம பக்கம் பெரிய ஏரிகளுக்கும் அணைகளுக்கும் எப்பவாவது வந்து போற மீன்பிடிக் கழுகு அது. விரால் மீனை அடிக்கிறதால விராலடிப்பான். 19-ஆம் நூற்றாண்டில மதராஸ் ராணுவத்தில மருத்துவரா இருந்த ஜெர்டன், தென்னிந்தியா முழுக்கச் சுத்திப் பறவைகளைக் குறிச்சு வெச்சார். அவரோட 'இந்தியப் பறவைகள்' நூலின் முதல் பாகம் 1862-ல வந்தது. வேட்டைப் பறவைகள் அதுலதான் இருக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பறவை ஆய்வாளர்கள்ல ஜெர்டன் மாதிரி சிலருக்கு ஒரு நல்ல பழக்கம். பறவையைச் சுட்டுத் தோலை எடுத்து அடைச்சு வைக்கிறதோட நிக்காம, உள்ளூர் ஆளுங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னும் கேட்டு எழுதினாங்க. இந்தப் பறவைக்கு அவங்க பதிஞ்ச தெலுங்குப் பேர் கொரமீன் கெத்த. கொரமீன்னா நம்ம விரால்தான். அதாவது ஒரே பறவையை, ஒரே மீனை வெச்சு ரெண்டு பாஷைக்காரங்களும் அடையாளம் கண்டிருக்காங்க. தமிழ்ப் பேரும் அந்த நூல்கள்ல இருக்கு, ஆனா ஆங்கில எழுத்துக்கூட்டல்ல மாட்டி உருக்குலைஞ்சு கிடக்கும். வாய்விட்டுச் சத்தமாப் படிச்சாத்தான் 'அட, விராலடிப்பான்!' என்று பிடிபடும்.

அது பறக்கும்போது கீழே இருந்து பார்த்தா அடிவயிறு பளிச்சுன்னு வெள்ளை. கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. இறக்கை நீளமா, மணிக்கட்டு கிட்ட மடிஞ்ச மாதிரி இருக்கும். தண்ணிக்கு மேல ஒரே இடத்தில இறக்கை அடிச்சு நிக்கும். பிறகு காலை முன்னாடி நீட்டிக்கிட்டு பொத்துனு விழும். மீனோட எழும்பினா, மீன் தலை முன்பக்கம் பார்த்த மாதிரி திருப்பிப் பிடிச்சுக்கும், காத்து தடுக்கக் கூடாதே. வழுக்குற மீனைப் பிடிக்க வாகா அதோட பாதத்தில முள்ளு முள்ளாச் சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னாடியும் திருப்பிக்கும். கரும்பருந்தும் ஏரியில மீன் எடுக்கும், ஆனா மேலாக மிதக்குறதைத்தான் அள்ளும். தண்ணிக்குள்ள முழுகி எழுந்தா அது விராலடிப்பான். இதுல சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பறவைக்கு வெளிநாட்டில ஒரு கதை உண்டு. பிரிட்டன்ல வேட்டைக்காரர்களும் முட்டை திருடிச் சேகரிக்கிறவர்களும் சேர்ந்து 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துக்குள்ள இதை இனப்பெருக்கமே இல்லாம ஆக்கிட்டாங்க. 1950-களில ஸ்காட்லாந்தின் கார்ட்டன் ஏரிப் பக்கம் ஒரு ஜோடி தானா வந்து கூடு கட்டுச்சு. முட்டையைத் திருட வந்தவங்க கிட்டருந்து காப்பாத்த, ராத்திரி பகலாக் காவல் போட்டாங்க. 1959-ல பொதுமக்களையும் தூரத்தில இருந்து பார்க்க விட்டாங்க, ஆயிரக்கணக்கில ஜனம் வந்துச்சு. அமெரிக்காவில அடி வேற வழியா விழுந்தது. வயலுக்கு அடிச்ச டிடிடி தண்ணிக்குப் போய், மீனுக்குப் போய், மீனைத் தின்ன பறவையோட முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்க உக்காந்தாலே உடைஞ்சு போச்சு. ரேச்சல் கார்சன் 1962-ல 'மௌன வசந்தம்' எழுதினார், 1972-ல அங்கே டிடிடி தடையாச்சு, பறவை திரும்பி வந்தது. இந்தியாவில விவசாயத்துக்கு டிடிடி தடை 1989-லதான். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் வாரம் ஒரு மருந்து அடிக்கிற ஊர் எங்களுது. அதனால இந்தக் கதையை எனக்கு வெளிநாட்டுக் கதையா மட்டும் படிக்க முடியலை.

ஐப்பசி, கார்த்திகையில ஏரிக்கு வர்ற இன்னொரு விருந்தாளி சேற்றுப் பூனைப்பருந்து. சம்பங்கோரைக்கு மேல, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமா, தாழத் தாழப் பறக்கும். மிதக்கும்போது இறக்கை ரெண்டும் மேல்நோக்கித் தூக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரி நிக்கும். பெட்டை கறுப்புக் காப்பிக் கொட்டை நிறம், தலை மட்டும் சந்தனம் அப்பின மாதிரி. மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்தில இருந்து வந்து பங்குனி வாக்கில திரும்பிப் போயிடும். அது தலை தெரிஞ்சதும் நாமக்கோழியும் வாத்தும் அலறி ஓடுற சத்தத்தை வெச்சே, பார்க்காம சொல்லிடலாம். தென்பெண்ணை வர்ற வழியில கர்நாடகத்தில இருக்கிற ஓசக்கோட்டை ஏரிக்கு இதையும் புள்ளிக் கழுகையும் பார்க்கன்னே பெங்களூர்க்காரங்க போறாங்க. அதே ஆறுதான் நுரையைச் சுமந்துக்கிட்டு கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேருது. அந்த நுரை பொங்குற படத்தை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. பறவை நுரையைப் பார்த்துப் போகாம இருக்காது. மீன் இருக்கிற வரைக்கும் வரும். அந்த மீனுக்குள்ள என்ன இருக்குங்கிறது வேற பேச்சு.

பாறைக் குன்று பக்கத்தில இருக்கிற ஏரின்னா ராஜாளியையும் பார்க்கலாம். ஜோடியாத்தான் சுத்தும். வெள்ளை வயித்துல மெல்லிய கோடுகள், வால் நுனியில அகலமாக் கறுப்புப் பட்டை. பாறை இடுக்கிலயும் பெரிய மரத்திலயும் கூடு வைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில குன்றுகளைக் கிரானைட்டுக்காக வெட்டி எடுக்கிற வேகத்தில, அது கூடு வைக்க இடம் தேடி அலைய வேண்டியதுதான். வெளுப்பா, ஆந்தை மாதிரி பெரிய தலையோட, வயலுக்கு மேல ஒரே இடத்தில நின்னு கீழே உத்துப் பார்த்தா அது பாம்புக் கழுகு. விவசாயிக்கு அதைவிட நல்ல நண்பன் கிடையாது, விட்டுடுங்க.

இப்போ இல்லாத பறவைக்கு வருவோம்.

ஊர்ல எழுபது வயசு தாண்டினவங்ககிட்ட உக்காந்து பேசினா ஒரு காட்சி கட்டாயம் சொல்வாங்க. மாடு செத்தா ஊருக்கு வெளியே போடுவாங்க. தோலை உரிச்சு எடுத்ததும் அரை மணி நேரத்தில வானத்தில ஒரு புள்ளி தெரியும், பிறகு பத்து, பிறகு நாப்பது அம்பது. சாயங்காலத்துக்குள்ள எலும்பு மட்டும்தான் மிஞ்சும். நாத்தம் கிடையாது, நாய்த் தொல்லை கிடையாது, குழி தோண்டுற செலவு கிடையாது. அவங்க அதைப் பிணந்தின்னிக் கழுகுன்னு முகம் சுளிச்சுத்தான் சொல்வாங்க, ஆனா அது செஞ்ச வேலையைக் குறை சொல்ல மாட்டாங்க.

இந்த வட்டாரத்தில மாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆலம்பாடி மாடு நம்ம மண்ணோட இனம். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல கும்பினிக்காரன் காலத்தில குதிரைக்காகத் தொடங்கினது, இருநூறு வருஷம் ஆச்சு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி காடுகள் பக்கத்திலேயே இருந்ததால புலி, சிறுத்தை அடிச்ச மாடும் கிடைச்சுக்கிட்டே இருக்கும். பெங்களூர்ல இருந்து வேட்டைக்கு வந்த கென்னத் ஆண்டர்சன் இந்தக் காடுகளைப் பத்தி எழுதியிருக்கார். 1954-ல வந்த அவரோட முதல் புத்தகத்திலேயே ஜவளகிரி ஆட்கொல்லியின் கதை இருக்கு. வேட்டைக்காரன் இரை எங்கே கிடக்குன்னு கண்டுபிடிக்க வானத்தைத்தான் பார்ப்பான். பாறு இறங்குற இடத்தில பிணம் இருக்கும். மரத்திலேயே உக்காந்து இறங்காம இருந்தா, புலி இன்னும் பக்கத்திலேயே இருக்குன்னு அர்த்தம்.

பக்தியிலயும் இதுக்கு இடம் இருந்தது. இங்கிருந்து வடக்கே போனா ஆந்திராவில லேபாட்சி. சடாயு விழுந்த இடம்னு சொல்வாங்க. கிழக்கே செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றம். அங்கே மலை மேல உச்சி வேளைக்கு ரெண்டு கழுகு வந்து அர்ச்சகர் கையால சர்க்கரைப் பொங்கல் தின்னுட்டுப் போகும். காசியில குளிச்சுட்டு ராமேஸ்வரம் போற வழின்னு ஐதீகம். பக்கத்தில சதுரங்கப்பட்டினத்தில கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரங்க 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குன்றுக்குப் போய், ஒருகல் மண்டபத்தில பேரைச் செதுக்கி வெச்சுட்டு வந்திருக்காங்க. நம்ம ஆளுங்க மட்டும்தான் பாறையில பேர் எழுதுறாங்கன்னு நினைக்காதீங்க. அந்தப் பறவை மஞ்சள் முகப் பாறு. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் மட்டும் கறுப்பு, ஆப்பு மாதிரி வால். 1990-களோட அது வர்றது நின்னு போச்சு. கலி முத்திடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

அதே பத்து வருஷத்திலதான் நாடு முழுக்கவும் நின்னது. ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்தில பாறுகளைக் கவனிச்சுக்கிட்டிருந்த விபு பிரகாஷ், தலை தொங்கி உக்காந்து, மரத்தில இருந்து செத்து விழுற பறவைகளைப் பார்த்து முதல்ல எச்சரிச்சார். 1980-களில இந்தியாவில சுமார் 4 கோடி பாறு இருந்ததாக ஒரு கணக்கு. 1992-க்கும் 2007-க்கும் இடையில வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு ஆச்சு. கருங்கழுத்துப் பாறு நூத்துக்கு மூணு. உலகத்தில வேற எந்தப் பெரிய பறவையும் இவ்வளவு வேகமாச் சரிஞ்சதில்லை. வைரஸ், பூச்சி மருந்து, பட்டினி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. லிண்ட்சே ஓக்ஸ் என்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் பாகிஸ்தான்ல செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தாங்க. உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா யூரிக் அமிலம் படிஞ்சிருந்தது. அப்படிச் செத்த 25 பறவையைச் சோதிச்சா, 25-லயும் டைக்ளோஃபினாக். 2004 ஜனவரியில 'நேச்சர்' இதழ்ல அது வந்தது. அடுத்த மாசம்தான் தர்மபுரியில இருந்து பிரிஞ்சு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. புது மாவட்டத்துக்குப் பாறு வந்து சேரலைன்னு வெச்சுக்கலாம்.

டைக்ளோஃபினாக் எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச சாமான். மாடு படுத்துட்டா, மடி வீங்கினா, கன்னு போட்ட பிறகு எழுந்திருக்கலைன்னா போடுற வலி ஊசி. விலை குறைவு, உடனே கேக்கும். கலப்பினச் சீமை மாடு வந்து, பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் ஊத்தியே ஆகணும்னு ஆன பிறகு, மாடு ஒரு நாள் படுத்தாலும் நஷ்டம். அதனால ஊசி பெருகுச்சு. ஊசி போட்டும் பிழைக்காத மாடு ஒண்ணு ரெண்டு இருக்கும்ல, அதை வெளியே போட்டோம். பாறு கூட்டமா உக்காந்து தின்கிற பறவை. ஒரு மாட்டை அம்பது பறவை தின்னும். நூறு சடலத்தில ஒண்ணில விஷம் இருந்தாலே அந்த இனம் அழியப் போதும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. வருஷத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு பெருசாகிக் கூடு கட்ட அஞ்சு வருஷம். போன எண்ணிக்கையை எப்படி ஈடு கட்டும்?

2006-ல கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடையாச்சு. ஆனா மனுஷங்களுக்குன்னு 30 மில்லி குப்பி வந்துக்கிட்டே இருந்தது. அவ்வளவு பெரிய குப்பி எந்த மனுஷனுக்கு? மாட்டுக்குத்தான் போச்சு. 2015-ல 3 மில்லிக்கு மேல குப்பி கூடாதுன்னாங்க. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டாங்க, 2017-ல சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும்னு சொல்லிடுச்சு. 2023-ல கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டும் கால்நடைக்குத் தடை. இந்த அசிக்ளோஃபினாக் மாட்டு உடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபினாக்காவே மாறிடும். பாறுக்கு ஆபத்தில்லைன்னு சோதிச்சு உறுதி பண்ணினது மெலாக்சிகம். விலையும் இப்போ பெரிய வித்தியாசம் இல்லை.

பாறு போன இடத்தில நாய் வந்தது. ஃபிராங்க், சுதர்ஷன் என்று ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பாறு அதிகமா இருந்து அழிஞ்ச மாவட்டங்கள்ல, 2000-க்கும் 2005-க்கும் இடையில வழக்கத்தைவிட சுமார் 5 லட்சம் பேர் கூடுதலா செத்திருக்காங்கன்னு அவங்க மதிப்பீடு. வெறிநாய்க்கடி, அழுகின சடலம் கலந்த தண்ணி, இப்படிக் காரணங்கள். எண்ணிக்கையில விவாதம் இருக்கலாம். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல ராயக்கோட்டை ரோட்டுல பைக்ல போறவங்களுக்கு நாய்க்கூட்டத்தைப் பத்தி ஆய்வுக் கட்டுரை தேவையில்லை.

நம்ம ஏரிக்குப் பாறு இனி வரவே வராதான்னு கேக்குறாங்க. நேர் மேற்கே சுமார் 70 கிலோமீட்டர்ல ராமநகரம் இருக்கு. 'ஷோலே' படத்தில கப்பர் சிங் உக்காந்திருந்த பாறைங்க. அந்தப் பாறை இடுக்குலதான் கருங்கழுத்துப் பாறும் மஞ்சள் முகப் பாறும் காலம் காலமா இருந்தது. 2012-ல கர்நாடக அரசு ராமதேவர பெட்டாவைப் பாறு சரணாலயமா அறிவிச்சது, நாட்டிலேயே முதல் பாறு சரணாலயம் அது. ஆனா கருங்கழுத்து அங்கே இப்போ விரல் விட்டு எண்ணுற அளவுதான். தமிழ்நாட்டில மிஞ்சினது முக்கியமா மாயாறு பள்ளத்தாக்கில. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலமும் சேர்ந்து நீலகிரியைச் சுத்தின காடுகள்ல எண்ணினப்போ, 2023 பிப்ரவரியில 246, அதே வருஷக் கடைசியில 320. அதிகம் இடத்தில தேடினதாலயும் எண்ணிக்கை கூடியிருக்கும். இருந்தாலும் குறையலைங்கிறதே பெருசு.

பாறு ஒரு நாள்ல நூறு கிலோமீட்டர் சாதாரணமா சுத்தும். அதனால ராமநகரத்துப் பறவை ஒண்ணு நம்ம ஏரிக்கு மேல போறதுக்கு வாய்ப்பு இல்லாம இல்லை. அடையாளம் சொல்றேன், குறிச்சுக்கோங்க. கரும்பருந்தைவிட ரொம்ப உயரத்தில போகும், அப்பவும் அதைவிடப் பெருசாத் தெரியும். இறக்கை பலகை மாதிரி அகலம், விரிச்சா ஏழு எட்டு அடி. நுனியில விரல் விரலாப் பிரிஞ்சிருக்கும். வால் குட்டை. தலை இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி உள்ளடங்கி இருக்கும். பத்து நிமிஷம் பார்த்தாலும் ஒரு தடவை இறக்கை அடிக்காது. வெள்ளையா, ஆப்பு வாலோட, கருடனைவிடக் கொஞ்சம் பெருசா இருந்தா மஞ்சள் முகப் பாறு. அதைக் குப்பைமேட்டுப் பக்கமும் பார்க்கலாம், அதனால ஏரியையே பார்த்துட்டு இருக்காதீங்க.

படம் எடுத்தா கீழ்ப்பக்கம் தெரியுற மாதிரி எடுங்க, தேதியும் நேரமும் எழுதி வையுங்க. பால் வாங்குற வீட்டுல மாடு படுத்திருந்தா, என்ன ஊசி போட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கோச்சுக்க மாட்டோம். கார்த்திகை பிறந்த பிறகு காலையில ஏழரைக்கு மேல வாங்க, வெயில் ஏறி காத்து சூடானாத்தான் பெரிய பறவைங்க எழும்பும்.

கோழிக் கழிவு மூட்டை பக்கத்தில மட்டும் வண்டியை நிறுத்தாதீங்க.